ரேஸிங் சிமுலேட்டரில் முதல் செட்டப்: ஆறு எண்கள் போதும்

சித்தி பையன் போன மாதம் ஸ்டியரிங் வீல் வாங்கினான். இரண்டாவது நாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன்.

"அண்ணா, கார் திரும்பவே மாட்டேங்குது. டேம்பர்ல ரீபவுண்டைக் குறைக்கணுமா, கூட்டணுமா?"

"எந்த வளைவுலடா?"

"எல்லா வளைவுலயும்தான்."

"எத்தனை லேப் ஓட்டின?"

"ஆறு. அதுல நாலு முடிக்கல."

ரீபவுண்டு என்பது அமுங்கிய சஸ்பென்ஷன் எவ்வளவு வேகமாகத் திரும்ப விரியலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் எண். அன்றைக்கு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். செட்டப் பற்றி, அதாவது டயர், பிரேக், இறக்கை போன்றவற்றுக்கு என்ன எண் வைப்பது என்பது பற்றி, அடுத்த இரண்டு வாரத்தில் அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கோர்வையாக எழுதுகிறேன். அவன் ஓட்டுவது அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிசியோனே. இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி 2019 மே மாதம் முழுமையாக வெளியிட்ட சிமுலேட்டர். வாய் வலிக்கும் பெயர் என்பதால் எல்லோரும் ஏசிசி என்கிறோம். எடுத்துக்காட்டு எல்லாம் ஏசிசியில் ஒரு ஜிடி3 காரும் (சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்துக்கென மாற்றிய வகை) இத்தாலியின் மோன்ஸா தடமும். வேறு சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு எண்கள் மாறும், வழிமுறை மாறாது.

ஜிடி3 என்றதும் இங்கே பலருக்கு 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது நினைவுக்கு வரும். அந்தக் கார் போர்ஷே 911 ஜிடி3 கப். பெயரில் ஜிடி3 இருந்தாலும் அது கப் பந்தயங்களுக்கான தனி வகை. கீழே வரும் எண்களை அதில் போட்டுவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

செட்டப்புக்கு முன்னால் நாற்காலி

ஏசிசியின் செட்டப் திரையில் ஆறு பக்கங்கள்: டயர், எலக்ட்ரானிக்ஸ், எரிபொருள், மெக்கானிக்கல் கிரிப், டேம்பர், ஏரோ. எண்களை எண்ணிப் பார்த்தால் ஐம்பதுக்கு மேல் போகும். புதிதாக வருகிறவர் இதைப் பார்த்ததும் "நம் கார் மெதுவாகப் போவதற்குக் காரணம் இங்கேதான் எங்கோ ஒளிந்திருக்கிறது" என்று நினைத்துவிடுகிறார். பெரும்பாலும் காரணம் நாற்காலியில் இருக்கிறது. கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நாற்காலி.

சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் நாற்காலி பின்னால் போகும். கால் பாதி தூரத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு வளைவிலும் வேறு வேறு அளவு பிரேக். இந்த நிலையில் எந்த செட்டப்பும் உதவாது. நாற்காலியின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பழைய செருப்புக்குள் இறக்கி வையுங்கள், நகராது. வீட்டில் கேட்டால் அறிவியல் என்று சொல்லுங்கள். பெடல் பலகை வழுக்கினால் அதைச் சுவரோடு முட்டுக்கொடுத்து வையுங்கள்.

அடுத்து வீலின் சுழற்சி. லாஜிடெக் ஜி29 போன்ற வீல்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 900 டிகிரி சுற்றும். கணினியில் வீலின் மென்பொருளில் ஓர் எண், விளையாட்டுக்குள் வேறோர் எண் இருந்தால், நீங்கள் கால் வட்டம் திருப்பும்போது திரையில் கார் அதைவிடக் கூடவோ குறையவோ திரும்பும். இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைப் போடுங்கள். பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, திரையில் பிரேக் பட்டை 100 வரை போகிறதா, காலை எடுத்ததும் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். என் தம்பிக்கு அது 4 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நேர்ப்பாதை முழுக்க லேசாக பிரேக் பிடித்தபடியே ஓட்டியிருக்கிறான் பாவம்.

பார்வைக் கோணமும் இதோடு சேர்ந்தது. அகலமாக வைத்தால் காரின் உள்பக்கம் எல்லாம் அழகாகத் தெரியும், ஆனால் வளைவு எங்கோ தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். பிரேக் தாமதமாகும். திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தைக் கொடுத்தால் சரியான கோணத்தைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. முதல் நாள் குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல இருக்கும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

எப்போது தொடலாம்

ஏசிசியில் ஒவ்வொரு காருக்கும் தயார் செட்டப்புகள் வருகின்றன. சேஃப் என்று ஒன்று, அக்ரெஸிவ் என்று ஒன்று. சேஃப்பில் தொடங்குங்கள். அதில் கார் கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஆனால் சறுக்குவதற்கு முன் சொல்லிவிட்டுச் சறுக்கும். அதில் தொடர்ந்து ஐந்து லேப், தடத்தை விட்டு வெளியே போகாமல், ஐந்தும் ஒரு வினாடி வித்தியாசத்துக்குள் வரும்வரை செட்டப் பக்கமே போக வேண்டாம்.

இந்த ஒரு வினாடிக் கணக்குக்குக் காரணம் எளிது. பின் இறக்கையில் (காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் தகடு) ஓர் எண்ணை மாற்றினால் லேப் நேரத்தில் கிடைப்பதோ போவதோ இரண்டு, மூன்று பத்திலொரு பங்கு வினாடிதான். நீங்களே லேப்புக்கு லேப் இரண்டு வினாடி முன்னும் பின்னுமாக ஓடினால், அந்த மாற்றம் உதவியதா கெடுத்ததா என்று எப்படித் தெரியும்? காய்கறி நிறுக்கும் தராசில் தங்கத்தை நிறுப்பது போல.

ஐந்து லேப் ஒரே சீராக வந்த பிறகு அக்ரெஸிவுக்கு மாறுங்கள். அதுதான் வேகமான அடித்தளம். ஆனால் மாறிய உடனே பின் இறக்கையை இரண்டு படி கூட்டிக்கொள்ளுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

சோதனையின்போது தட்பவெப்பத்தைக் கட்டிப்போடுங்கள். தெளிவான வானம், மாறாத வானிலை, நேரம் ஓடும் வேகம் ஒன்றுக்கு ஒன்று, ஒவ்வொரு முறையும் அதே அளவு பெட்ரோல். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். எக்ஸெல் தேவையில்லை, நாற்பது பக்க நோட்டு போதும்.

டயர் அழுத்தம்

தொட வேண்டிய ஆறு இவை: டயர் அழுத்தம், பெட்ரோல், டிசியும் ஏபிஎஸ்ஸும், பிரேக் பயாஸ், பின் இறக்கை, ஆன்டி ரோல் பார். இந்த ஆறில் டயர் அழுத்தம்தான் மூத்தது. மற்ற ஐந்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் சரிசெய்தாலே கார் வேறு காராகிவிடும்.

பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும்போது 30, 32 என்று சொல்கிறோமே, அதே பிஎஸ்ஐதான் இங்கேயும். வித்தியாசம் என்னவென்றால், செட்டப் திரையில் நீங்கள் வைப்பது டயர் ஓடத் தொடங்குவதற்கு முன் உள்ள அழுத்தம். நமக்கு வேண்டியதோ சூடேறிய பின் இருக்க வேண்டிய அழுத்தம். ஓட ஓட டயர் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிந்து அழுத்தம் ஏறும். ஏசிசியின் இப்போதைய பதிப்பில் உலர்ந்த தடத்தில் ஜிடி3 டயருக்கு, சூடேறிய நிலையில், 26 முதல் 27 பிஎஸ்ஐ நல்லது. பழைய காணொளிகளில் 27.5 என்று சொல்லியிருப்பார்கள். அது 1.9 பதிப்புக்கு முந்தைய காலத்துக் கணக்கு, அதைப் பின்பற்ற வேண்டாம்.

அழுத்தம் கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். கார் பனிக்கட்டி மேல் போவது போல மிதக்கும். குறைந்தால் டயரின் பக்கச்சுவர் தளர்ந்து, நீங்கள் திருப்பிய பிறகு கார் யோசித்துவிட்டுத் திரும்பும். வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த இரண்டாவது உணர்வு தெரியும், பஞ்சரான ஸ்கூட்டி.

செய்ய வேண்டியது இதுதான். நான்கு லேப் பந்தய வேகத்தில் ஓட்டுங்கள். ஐந்தாவது லேப்பில், நேர்ப்பாதையின் முடிவில், திரையில் தெரியும் நான்கு டயர்களின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வோம்: இடது முன் 27.4, வலது முன் 26.7, இடது பின் 27.2, வலது பின் 26.5. இலக்கு 26.5 என்றால் இடது முன்னை 0.9 குறையுங்கள், வலது முன்னை 0.2, இடது பின்னை 0.7, வலது பின்னைத் தொட வேண்டாம். மறுபடி நான்கு லேப். இரண்டாவது முறை பெரும்பாலும் நான்கும் இலக்கின் பக்கத்தில் வந்து நிற்கும்.

இடது டயர்கள் ஏன் அதிகம் ஏறின? மோன்ஸா 5.793 கிலோமீட்டர், கடிகாரச் சுற்றில் ஓடும் தடம். குர்வா கிராண்டே, இரண்டு லெஸ்மோ, கடைசியில் வரும் பரபோலிகா, நீண்ட வளைவுகள் எல்லாமே வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பும்போது எடை முழுக்க இடது டயர்கள் மேல் சாயும். பாரம் சுமக்கிறவன் வேர்க்கிறான், அவ்வளவுதான். நான்கு டயருக்கும் ஒரே எண்ணை வைக்கிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

வானிலைக்கு ஒரு மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பிஎஸ்ஐ ஏறும். 26 டிகிரியில் சரிசெய்த செட்டப்பை 22 டிகிரிப் பந்தயத்துக்குக் கொண்டுபோனால் நான்கு டயருக்கும் 0.4 கூட்டுங்கள். இந்த ஒரு கணக்கைச் செய்யாமல் "நேத்து நல்லா ஓடின கார் இன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று புலம்புகிறவர்கள் ஆன்லைன் பந்தயத்தில் பாதிப்பேர்.

இன்னொன்று, யாரும் அதிகம் சொல்லாதது. வேகமாக ஓட்டுகிறவர் டயரை அதிகம் வேலை வாங்குவார், அதனால் அவர் டயர் அதிகம் சூடாகும். அவருடைய செட்டப்பை நீங்கள் வாங்கி அப்படியே ஓட்டினால், உங்கள் டயர் அந்தச் சூட்டைத் தொடாது, அழுத்தம் 25 சொச்சத்திலேயே நின்றுவிடும். ஆகவே யாருடைய செட்டப்பாக இருந்தாலும் டயர் அழுத்தத்தை மட்டும் நீங்களே போட வேண்டும். நீங்கள் வேகமாக வேகமாக, அதுவும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். மாதம் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

பெட்ரோல்

இதில் சொல்ல அதிகம் இல்லை, கூட்டல் கணக்குதான். ஜிடி3 கார் மோன்ஸாவில் லேப்புக்கு ஏறத்தாழ 3 லிட்டர் குடிக்கும். காருக்குக் கார் மாறும், ஓட்டும்போது திரையிலேயே தெரியும். உங்கள் லேப் 1 நிமிடம் 52 வினாடி, பந்தயம் 20 நிமிடம் என்றால் 11 லேப் வரும். தொடக்கத்தில் அணிவகுத்துப் போவதற்கு ஒன்று, கையிருப்பாக ஒன்று. 13 லேப்புக்கு 39 லிட்டர், பயத்துக்கு இன்னொரு லிட்டர், ஆக 40. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. தெரியாமல் 100 லிட்டரோடு கிளம்பினால் 45 கிலோ கூடுதல் சுமை. பள்ளிக்கூடப் பையன் ஒருவனைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு பந்தயம் ஓட்டுவதற்குச் சமம். தயார் செட்டப்பில் எத்தனை லிட்டர் வைத்திருக்கிறார்கள் என்று கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

டிசி, ஏபிஎஸ்

டிராக்‌ஷன் கண்ட்ரோல், அதாவது டிசி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது பின் சக்கரம் வீணாகச் சுழலாமல் பார்க்கும். ஏபிஎஸ் பிரேக்கில் சக்கரம் இறுகிப்போகாமல் பார்க்கும். நிஜ ஜிடி3 கார்களிலேயே இரண்டும் உண்டு. எனவே இதைக் கூட்டி வைப்பது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள். பெரும்பாலான கார்களில் எண் கூடக் கூட உதவி கூடும். தொடக்கத்தில் தயார் செட்டப்பில் இருப்பதைவிட டிசியை ஒன்று கூட்டி வையுங்கள். லெஸ்மோ இரண்டில் இருந்து வெளியேறும்போது இஞ்சின் விக்கி விக்கிப் போவது போலக் கேட்டால் டிசி வேலை செய்கிறது என்று பொருள். நீங்கள் காலை மெதுவாக அழுத்தப் பழகியதும் அந்த விக்கல் தானாகக் குறையும், அப்போது ஒரு படி இறக்கலாம். இவற்றை ஓடும்போதே மாற்றலாம், வீலில் இரண்டு பொத்தான்களை இதற்கென ஒதுக்கி வையுங்கள்.

பிரேக் பயாஸ்

மிதிக்கும் பிரேக்கில் எத்தனை பங்கு முன் சக்கரத்துக்கு என்பதுதான் இந்த எண். 58 என்றால் முன்னுக்கு 58, பின்னுக்கு 42. இதையும் ஓடும்போதே மாற்றலாம்.

முன்னுக்குக் கூட்டினால் கார் நேராக, பயமில்லாமல் நிற்கும். ஆனால் பிரேக் பிடித்தபடி திருப்பினால் திரும்பாது. பின்னுக்குத் தள்ளினால் நன்றாகத் திரும்பும். கூடுதலாகத் தள்ளிவிட்டால் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும். மோன்ஸாவின் முதல் சிக்கேன் (வேகத்தைக் குறைக்க அடுத்தடுத்து வைத்த எதிரெதிர் வளைவுகள்) இதைச் சோதிக்கச் சரியான இடம். மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் வந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொண்டு மிதித்து, சின்ன கியருக்கு இறங்கி வலது, இடது. பிரேக்கில் கார் வாலாட்டினால் பயாஸை அரை சதவீதம் முன்னுக்கு. வாலாட்டாமல், ஆனால் உள்பக்கக் கர்பை, அதாவது தடத்தின் ஓரத்து மேட்டை, தொட முடியாமல் வெளியே தள்ளினால் அரை சதவீதம் பின்னுக்கு.

ஒரு எச்சரிக்கை. ஒரு காரின் பயாஸ் எண்ணை இன்னொரு காருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இஞ்சின் பின்னால் உள்ள போர்ஷேயில் எடை பின்னால் இருக்கும், இஞ்சின் முன்னால் உள்ள மெர்சிடிஸ் கதையே வேறு. அந்தந்தக் காரின் தயார் எண்ணில் இருந்து அரை அரையாக நகருங்கள்.

வால் ஆடுவதற்கு பயாஸ் மட்டும் காரணமில்லை. கியரை அவசரப்பட்டு இறக்கினாலும் இஞ்சின் பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். எண்ணை மாற்றுவதற்கு முன் ஒரு லேப் கியரைத் தாமதமாக இறக்கிப் பாருங்கள்.

பின் இறக்கை, ஆன்டி ரோல் பார்

இந்த இரண்டையும் ஒன்றாகப் படிப்பதுதான் நல்லது. கார் என்ன தப்பு செய்கிறது என்பதைவிட எங்கே செய்கிறது என்பது முக்கியம். வேகம் இருந்தால்தான் காற்று பேசும். மெதுவான வளைவில் இறக்கைக்கு வேலையே இல்லை, அங்கே சஸ்பென்ஷனும் டயரும்தான். ஆகவே வேகமான வளைவில் மட்டும் பின்பக்கம் நழுவினால் இறக்கை. மெதுவான வளைவிலும் நழுவினால் ஆன்டி ரோல் பார்.

மோன்ஸாவில் புதியவர்கள் செய்யும் முதல் காரியம் இறக்கையை அடியோடு குறைப்பது. நீளமான நேர்ப்பாதைகள், குறைந்த இறக்கை, அதிக வேகம். கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் அஸ்காரியில் இடது, வலது, இடது என்று கார் எடை மாறி மாறிச் சாயும்போது பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கக் காற்று இல்லை. பரபோலிகாவில் முழு ஆக்ஸிலரேட்டரும் கொடுக்கப் பயம் வந்து அரை வினாடி தாமதிப்பீர்கள், அந்தத் தாமதம் அடுத்த நேர்ப்பாதை முழுக்கக் கூடவே வரும். அக்ரெஸிவில் இரண்டு படி கூட்டச் சொன்னதற்குக் காரணம் இதுதான். நேர்ப்பாதையில் சில கிலோமீட்டர் வேகம் போகட்டும். சுழன்று புல்லில் நிற்கும் காரின் அதிகபட்ச வேகம் பூஜ்யம். பரபோலிகாவைப் பத்து முறை பயமில்லாமல் எடுத்த பிறகு ஒவ்வொரு படியாகக் குறையுங்கள்.

ஆன்டி ரோல் பார் என்பது இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி. வளைவில் கார் ஒரு பக்கம் சாய்வதைத் தடுக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பாடப்புத்தகத்தில் இதற்கு நாலு பக்கம் விளக்கம் இருக்கும். நான் தம்பிக்குச் சொன்னது ஒரே வரி: எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கத்தை இளக்கு. திருப்பியும் திரும்பாமல் முன்பக்கம் வெளியே போனால், அதாவது அண்டர்ஸ்டியர் என்றால், முன் பாரை ஒரு எண் குறை. பின்பக்கம் வீசினால், அதாவது ஓவர்ஸ்டியர் என்றால், பின் பாரை ஒரு எண் குறை. இளகிய பக்கம் தரையை நன்றாகப் பிடிக்கும். முன்னையும் பின்னையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது, ஒரு தடவைக்கு ஒன்று.

வளைவை மூன்றாக வெட்டுங்கள்

"கார் சரியில்லை" என்று எழுதினால் நோட்டுப் புத்தகம் எதற்கு? ஒவ்வொரு வளைவையும் நுழைவு, நடு, வெளியேற்றம் என்று மூன்றாக வெட்டி, எந்த இடத்தில் என்ன என்று எழுதுங்கள். தம்பியின் நோட்டில் இருந்து சிலது, அவன் அனுமதியோடு:

"லெஸ்மோ 1, நடு, முன்பக்கம் போகுது." இது பார்த்தவுடனே முன் பார் என்று தோன்றும். ஆனால் அவன் காணொளியைப் பார்த்தால் பிரேக் தாமதம், வளைவுக்குள் வேகம் அதிகம், ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடிக்கிறான். டயர் ஓரளவுக்கு மேல் திருப்பினால் பிடியை விட்டுவிடும், அதன்பின் எவ்வளவு ஒடித்தாலும் பிரயோசனமில்லை. பத்து மீட்டர் முன்னால் பிரேக் பிடிக்கச் சொன்னேன். நோட்டில் அடுத்த வரி: "சரியாப்போச்சு."

"ரோஜ்ஜியா, வெளியேற்றம், பின்பக்கம் வீசுது." ரோஜ்ஜியா மோன்ஸாவின் இரண்டாவது சிக்கேன். டிசி ஒன்று கூட்டினோம். குறைந்தது, நிற்கவில்லை. பின் பார் ஒன்று இளக்கினோம், நின்றது. பிறகு டிசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம், அப்போதும் வீசவில்லை. ஆக மருந்து பார்தான். இப்படித் திரும்பப் பழைய எண்ணுக்குப் போய்ச் சரிபார்ப்பதைப் பலர் செய்வதில்லை. செய்யாவிட்டால் தேவையில்லாத மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் எது எதற்காக வைத்தோம் என்பதே மறந்துவிடும்.

"அஸ்காரி, எல்லா இடமும், பயமா இருக்கு." இறக்கை ஒரு படி கூட்டினோம். பயமும் ஓர் அளவுகோல்தான்.

ஒரு மாற்றத்துக்கு ஐந்து லேப். முதல் இரண்டை விட்டுவிடுங்கள், டயர் சூடாக வேண்டும். மீதி மூன்றின் நேரத்தையும் உங்கள் உணர்வையும் எழுதுங்கள். நேரமும் உணர்வும் முரண்பட்டால் என்ன செய்வது? ஒரு லேப் வேகமாகவும் ஆறாவது லேப்பில் சுவரிலும் முடிகிற காரைவிட, இரண்டு பத்திலொரு பங்கு மெதுவாக ஓடி முழுப் பந்தயத்தையும் முடிக்கிற கார்தான் புதியவருக்கு வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொடக்கூடாதவை

டேம்பர் பக்கத்தைத் திறக்க வேண்டாம். கேம்பர், டோ, காஸ்டர் என்ற சக்கரக் கோணங்கள் மூன்றையும் தயார் செட்டப்பில் இருப்பது போலவே விடுங்கள். காரின் தரை உயரம் பார்க்க எளிமையாகத் தெரியும், ஆனால் பின் உயரத்தைச் சில மில்லிமீட்டர் ஏற்றினாலே காற்று காரை அழுத்தும் இடம் முன்பக்கமாக நகர்ந்து கார் கூர்மையாகத் திரும்பத் தொடங்கும், அதோடு பின்பக்கம் லேசாகிவிடும். ஒரே எண் இரண்டு மூன்று வேலை செய்கிற இடங்களில் புதியவர் கை வைத்தால் சிக்குதான். டிஃபரென்ஷியல் ப்ரீலோடும் அப்படித்தான். இவையெல்லாம் ஆறு மாதம் கழித்து.

பிறர் செட்டப்பை இறக்கலாமா

இறக்கலாம். இலவசமாகவும் கிடைக்கும், காசுக்கும் கிடைக்கும். நான் முதல் வருடத்தில் ஒரு தளத்தில் காசு கொடுத்து ஒரு மோன்ஸா செட்டப் வாங்கினேன். அதை உருவாக்கியவர் என்னைவிட மூன்று வினாடி வேகமானவர். முதல் லேப்பிலேயே லெஸ்மோ இரண்டில் சுழன்றேன், இரண்டாவது லேப்பில் அஸ்காரியில். மூன்றாவதில் பிட்டை விட்டு வெளியே வரும்போதே சுழன்றேன், அது என் தனித்திறமை. செட்டப்பில் குறை எதுவுமில்லை. குறைந்த பெட்ரோலில், தகுதிச்சுற்றில் ஒரே ஒரு லேப் கொளுத்துவதற்காக, பின்பக்கம் நழுவுவதை விரலால் உணர்ந்து பிடிக்கத் தெரிந்தவருக்காகச் செய்தது அது. அவர் சட்டையை நான் போட்டால் தோள் தொங்கத்தான் செய்யும்.

இறக்கினால் பந்தயத்துக்கான செட்டப்பை எடுங்கள், தகுதிச்சுற்று செட்டப் வேண்டாம். எந்தப் பதிப்புக்கு, எத்தனை டிகிரி வெப்பத்துக்கு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உள்ளே வந்ததும் டயர் அழுத்தம், பெட்ரோல் இரண்டையும் உங்கள் எண்ணால் மாற்றுங்கள், இறக்கையை இரண்டு படி கூட்டுங்கள். பிறகு உங்கள் சேஃப் செட்டப்பின் பக்கத்தில் வைத்து எந்தெந்த எண்கள் வேறுபடுகின்றன என்று பாருங்கள். அப்படிப் பார்ப்பதுதான் இறக்கியதன் உண்மையான லாபம்.

மழை பெய்தால்

மழை டயருக்கு மாறுங்கள், சூடேறிய அழுத்தம் சுமார் 30 பிஎஸ்ஐ. டிசியும் ஏபிஎஸ்ஸும் ஒன்றிரண்டு கூட்டுங்கள், இறக்கையை மேலே ஏற்றுங்கள். கர்பைத் தொடாதீர்கள். மீதியை மழையே சொல்லிக்கொடுக்கும், கொஞ்சம் அடித்துத்தான் சொல்லிக்கொடுக்கும்.

வேறு சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள்

ஐரேஸிங்கில் ஃபிக்ஸட் செட்டப் பந்தயங்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே செட்டப், மாற்றவே முடியாது. புதியவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை, தோற்றால் காரைக் குறை சொல்ல வழியில்லை. கிரான் டூரிஸ்மோ 7ல் எந்த வகை டயர் போடுகிறோம் என்பதே பாதிக்கு மேல் தீர்மானித்துவிடும், அதன்பிறகு பிரேக் சமநிலையும் டிசியும் போதும். எஃப்1 விளையாட்டுகளில் முன் இறக்கை, பின் இறக்கை இரண்டு எண்களில் தொடங்குங்கள். மேலே சொன்ன வேகமான வளைவு, மெதுவான வளைவு சோதனை எல்லாவற்றிலும் செல்லும். கேம்பேடில் ஓட்டுகிறவர்கள் செட்டப்புக்கு முன் ஸ்டியரிங் வேகத்தையும் உணர்திறனையும் சரிசெய்யுங்கள், அதில்தான் உங்கள் பாதி சுழற்சிகள் இருக்கின்றன.

சேமிக்கும் பெயர்

கடைசியாக ஒரு சின்ன வேலை. செட்டப்பைச் சேமிக்கும்போது புதுசு, புதுசு2, கடைசி, நிஜமாவே கடைசி என்று பெயர் வைக்காதீர்கள். தடம், வெப்பம், பெட்ரோல், எதற்காக என்று வையுங்கள்: மோன்ஸா 26 டிகிரி 40 லிட்டர் பந்தயம். அடுத்த மாற்றத்துக்குப் புதுப் பெயர், பழையதன் மேல் எழுதக் கூடாது. நன்றாக ஓடிய ஒன்றை அழித்துவிட்டு, அதில் என்ன எண் இருந்தது என்று ராத்திரி ஒரு மணிக்கு நினைவில் தேடுவது கொடுமை.

தம்பி இப்போது மோன்ஸாவில் 1 நிமிடம் 50க்குப் பக்கத்தில் சீராக வருகிறான். நேற்று மறுபடி போன் செய்தான். ரீபவுண்டு பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். "அண்ணா, அடுத்த வாரம் ஸ்பா ட்ராக். அங்க எத்தனை டிகிரி இருக்கும்?" என்றான்.